கிரேவிக்காகப் பறித்த திராட்சை

டெஸ் ஹார்ட்விக் செய்யும் ஒயினைக் குடிக்க வருகிறவர்களைவிட அவருடைய நாயைப் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். இது ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு முழுவதற்கும் தெரியும். டெஸ்ஸுக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளை அவருக்குப் பிடிக்காது.

நாயின் பெயர் கிரேவி. நிறம் அப்படி. பக்கத்து ஆட்டுப் பண்ணையில் பிறந்த கெல்பி நாய், ஆடு மேய்ப்பதற்கென்றே ஆன சாதி. இதுவோ ஆட்டைக் கண்டால் வாலை இடுக்கிக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் ஓடிவந்துவிடும். இப்படி ஓடிவந்து ஓடிவந்து ஒரு நாள் திரும்பிப் போகவே இல்லை. பண்ணைக்காரரும் தொல்லை விட்டது என்று இருந்துவிட்டார்.

ஆட்டுக்கு உதவாத நாய் மனிதர்களை மேய்ப்பதில் கெட்டியாக இருந்தது. சரளைக்கல்லில் கார் சக்கரம் நெறுநெறுக்கும் சத்தம் கேட்டால் போதும், எழுந்து போய் காரின் கதவோரம் உட்கார்ந்துகொள்ளும். இறங்குகிறவர்களை ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு முன்னால் நடக்கும். பின்னால் எல்லோரும் வருகிறார்களா என்று நின்று திரும்பிப் பார்க்கும். யாராவது புகைப்படம் எடுக்க ஒதுங்கினால் சுற்றி வந்து முழங்காலில் மூக்கால் இடித்துத் தள்ளிக்கொண்டு போகும். ஒயின் ருசி பார்க்கும் கூடத்தில் டெஸ்ஸின் மனைவி கோரலிடம் அத்தனை பேரையும் ஒப்படைத்துவிட்டு அடுத்த காருக்குக் காத்திருக்கும். பதினாலு வருஷமாக இதுதான் அதற்கு வேலை.

அதற்கு ஒரு பட்டாளம் சேர்ந்துவிட்டது. அடிலெய்டிலிருந்து வாரம் தவறாமல் வருகிற கணவன் மனைவி, ஆஸ்பத்திரி நர்ஸுகள், வெள்ளைத் தாடியும் பெரிய மோட்டார் சைக்கிளுமாக வருகிற கிழவர் கூட்டம் ஒன்று. கிரேவியின் பெயரில் இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அது கொட்டாவி விட்டால் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். கொளுத்தும் ஜனவரி வெயிலில் ஒருத்தி அதற்குக் கம்பளிச் சட்டை பின்னி அனுப்பினாள். மலிவான சிவப்பு ஒயின் ஒன்றின் பாட்டிலில் கிரேவியின் மூஞ்சியைப் போட வேண்டும் என்றது கோரலின் யோசனை. டெஸ் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். அந்த ஒயின்தான் இன்றைக்கும் அவர்களுக்குச் சோறு போடுகிறது.

டெஸ் உயிரைக் கொடுத்துச் செய்வது வேறு ஒயின். மலைச்சரிவில் இருக்கும் மேட்டுத் தோட்டத்தின் ஷிராஸ் திராட்சையிலிருந்து செய்வது. கிழட்டுக் கொடிகள், மழையைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவை. கொடிக்கு நாலு கொத்து காய்த்தால் அதிகம். அந்த ஒயினுக்குக் கிடைத்த பதக்கம் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அதன் கீழேதான் கிரேவி படுக்கும். வருகிறவர்கள் நாயைப் படம் எடுக்கும்போது பதக்கத்தைப் பாதியாக வெட்டிவிடுவார்கள்.

டெஸ்ஸிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. பழுக்காத திராட்சையைப் பறிக்க மாட்டார். ஆள் கிடைக்கவில்லை, மழை வருகிறது, பீப்பாய் காலியாக இருக்கிறது என்று எந்தக் காரணம் சொன்னாலும் நடக்காது. கொடிகொடியாகப் போய் மென்று பார்ப்பார். கொட்டை பழுப்பாகி, பல்லுக்கடியில் மொறுமொறுவென்று உடைய வேண்டும். அது வரைக்கும் கத்திரி உறையை விட்டு வெளியே வராது. ஒரு வருஷம் திராட்சை பழுக்க நேரமானதால் தன் கல்யாணத்தையே ஒன்பது நாள் தள்ளிப்போட்ட ஆள் அவர். கோரல் அதை இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் விடுவதில்லை.

இந்த வருஷம் மேட்டுத் தோட்டம் அபாரமாக வந்துகொண்டிருந்தது. இரவு குளிர், பகலில் அளவான வெயில், குருவிகள்கூடக் கொஞ்சம் கருணை காட்டின. "இந்த வருஷம்தான், கோரல். இவ்ளோ நாள் பண்ணினதெல்லாம் ஒத்திகை" என்று டெஸ் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.

பட்டாளத்துக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. பழுக்கும் காலத்தில் தினமும் காலையில் டெஸ்ஸும் கிரேவியும் மட்டும் மேட்டுத் தோட்டத்துக்குப் போவார்கள். நாய் ஒரு வரிசையில் ஓடிப்போய் அந்தக் கோடியில் உட்காரும். டெஸ் ஒவ்வொரு கொடியாக மென்று கையிலிருக்கும் டப்பாவில் துப்பிக்கொண்டு வந்து சேரும் வரை அசையாது. வந்ததும் அடுத்த வரிசை. பேச்சே கிடையாது. ஊரே உரிமை கொண்டாடும் நாய் அந்த ஒரு மணி நேரம் அவருக்கு மட்டும் சொந்தம். ஞாயிற்றுக்கிழமைகள் பிடிக்காததற்கு ஒயின் மட்டும் காரணம் இல்லை. மனுஷனுக்குப் பொறாமை.

மார்ச் கடைசியில் கிரேவி சாப்பாட்டைப் பாதியில் விட ஆரம்பித்தது. கார் சத்தத்துக்குத் தலையைத் தூக்கியது, எழவில்லை. கால்நடை மருத்துவர் மேவ் வந்தாள். சின்னப் பெண்ணாக இந்தத் தோட்டத்தில் விளையாடியவள். வயிற்றைத் தடவியும் கருவி வைத்தும் பார்த்துவிட்டு டெஸ்ஸை வெளியே கூப்பிட்டாள்.

"மண்ணீரல்ல கட்டி. பெருசாயிடுச்சு. அறுத்தாலும் இந்த வயசுல தாங்க மாட்டான்."

"எவ்ளோ நாள்?"

"ஒரு வாரம். அதுக்கு மேல நான் எதிர்பார்க்கல. வலி தெரியாம இருக்க மாத்திரை தரேன். சுத்தமா சாப்பாட்ட நிறுத்திட்டான்னா உடனே கூப்பிடுங்க. பாசத்துல இழுத்தடிக்காதீங்க."

டெஸ் தலையை ஆட்டினார். பிறகு கொட்டகைக்குள் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தொட்டியை மறுபடி கழுவினார்.

செய்தி பட்டாளத்துக்கு எட்ட அரை நாள்கூட ஆகவில்லை. அதன் தலைவி பெரில் டோங்கின் மறுநாளே வந்து நின்றார். அடிலெய்டில் முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அம்மாள், குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. ஒயினில் அவருக்குச் சிவப்பு வெள்ளை தவிர வேறு வித்தியாசம் தெரியாது. நாய் மூஞ்சி போட்ட பாட்டிலைத் தவிர வேறு எதையும் தொட்டதும் இல்லை. கிரேவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கொட்டகைக்கு வந்தார்.

"டெஸ், மேட்டுத் தோட்டத்த எப்பப் பறிக்கப் போற?"

"பழுத்தப்புறம்."

"எப்பப் பழுக்கும்?"

"திராட்சைகிட்டப் போய்க் கேளு."

"நான் உன்கிட்டக் கேக்கறேன்."

"பத்து நாள். பன்னெண்டு நாள்கூட ஆகும். உனக்கெதுக்கு?"

எதற்கென்று டெஸ்ஸுக்குத் தெரியாமல் இல்லை. அறுவடையின் கடைசி வண்டி எப்போதும் மேட்டுத் தோட்டத்திலிருந்துதான் இறங்கும். கிரேவி குட்டியாக இருந்தபோது ஒரு தடவை அந்த வண்டியின் மேல் கிடந்த சாக்குக் குவியலில் ஏறித் தூங்கிவிட்டது. வண்டி கீழே வந்ததும், வேலை முடிந்த சந்தோஷத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். குட்டி கண்விழித்து, இவ்வளவும் தனக்குத்தான் என்று நினைத்து எழுந்து நின்று வாலை ஆட்டியது. அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எந்த வருஷமும் கடைசி வண்டி கிரேவி இல்லாமல் இறங்கியதில்லை. பாதையின் இரண்டு பக்கமும் பட்டாளம் நின்று கைதட்டும். முன்னங்கால்களை விளிம்பில் ஊன்றிக்கொண்டு அது வருவதைப் பார்க்க வேண்டும், மந்திரி ஊர்வலம் தோற்கும்.

"அவனுக்குப் பன்னெண்டு நாள் இல்லையே டெஸ்" என்றார் பெரில். "இந்தச் சனிக்கிழமை பறிச்சா என்ன?"

"என்னவா? உள்ள கொட்டை பச்சையா இருக்கு. புளிப்பு பல்லைக் கூசுது. வருஷம் பூரா நான் அங்க என்ன கோழி மேய்ச்சிட்டா இருந்தேன்? திராட்சை என்ன உன் பஸ்ஸா, நேரம் ஆச்சுன்னு கெளம்பறதுக்கு?"

"என் பஸ் ஒரு நாளும் நேரத்துக்குக் கெளம்பினதில்ல" என்றார் பெரில். "யாராவது ஓடி வந்தா நிறுத்திடுவேன். மேலதிகாரிகிட்டத் திட்டு வாங்கிட்டே முப்பது வருஷம் ஓட்டினேன்."

டெஸ் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரிலும் அதற்கு மேல் நிற்கவில்லை. போகும்போது, "நாய்க்கு நல்லது பண்ணணும்னு நெனைக்கறவ மட்டும் இல்ல நான். உனக்கும் இது வேணும், நீ ஒத்துக்க மாட்ட" என்று சொல்லிவிட்டுப் போனார். டெஸ் அவர் கார் மறையும் வரை பார்த்திருந்துவிட்டு, "வந்துட்டா பெரிய இவ" என்றார்.

மறுநாள் காலை அவர் கிரேவியைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு மேட்டுத் தோட்டத்துக்குப் போனார். வரிசையின் முனையில் கம்பளத்தைப் போட்டு, "நீ இங்கயே இரு. இன்னைக்கு நான் மட்டும் போய்ட்டு வரேன்" என்று படுக்க வைத்தார். ஏழெட்டுக் கொடி தள்ளிப் போயிருப்பார், காலடியில் ஏதோ உரசியது. நாய் எழுந்து வந்திருந்தது. அவரைத் தாண்டிக்கொண்டு முன்னால் போயிற்று. அதன் இடம் கோடியில் அல்லவா? தள்ளாடித் தள்ளாடிப் போய், வரிசையின் பாதியில் முடியாமல் படுத்துவிட்டது. படுத்த இடத்திலிருந்து அவரைத் திரும்பிப் பார்த்து, மண்ணில் வாலை ஒரு தட்டுத் தட்டியது. கோடி வரை போகாததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது டெஸ்ஸுக்கு.

அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். கைக்கு எட்டிய கொத்திலிருந்து ஒரு திராட்சையைப் பிய்த்து வாயில் போட்டார். புளிப்பு. கொட்டை பச்சை. இன்னும் நிச்சயமாகப் பத்து நாள். அதையும் டப்பாவில் துப்பிவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றாமலே கோரலிடம், "சனிக்கிழமை பறிக்கறோம்" என்றார்.

கோரல் கழுவிக்கொண்டிருந்த கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பினார். "பழுத்திருச்சா?"

"இல்ல."

"டெஸ்."

"இல்லன்னுதானே சொல்றேன். பழுக்கல."

"எனக்காக ஒரு கொத்து நீ முன்கூட்டிப் பறிச்சதில்ல. கல்யாணப் பொண்ணு ஒன்பது நாள் உக்காந்திருந்தேன்."

"நீ சாகப் போறதா எவனும் சொல்லலையே."

கோரலுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. அவர் நடைமுறை தெரிந்தவர். "சரி, எல்லாத்தையும் ஏன் பறிக்கணும்? ரெண்டு வரிசை பறி. ஒரு வண்டி ரொம்பட்டும். அவன மேல ஏத்திக் கொண்டு வா, எல்லாரும் கைதட்டட்டும். மிச்சம் நல்லாப் பழுக்கட்டும்."

"அப்ப அது கடைசி வண்டி இல்லையே."

"நாய்க்கு எண்ணத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்" என்றார் டெஸ். "மேல தோட்டத்துல திராட்சைய வெச்சுக்கிட்டுக் கடைசி வண்டின்னு அவன ஏமாத்தச் சொல்றியா? பதினாலு வருஷம் கூடவே வந்தவன. நான் மாட்டேன்."

இப்படியும் ஒரு மனிதர். பழுக்காததைப் பறிக்க மாட்டேன் என்று எந்தப் பிடிவாதம் சொன்னதோ, அதே பிடிவாதம்தான் பறித்தால் முழுசும் பறிப்பேன் என்றும் சொல்லிற்று. நடுவில் நிற்க அதற்குத் தெரியாது. கோரல் அதற்கு மேல் வாதாடவில்லை. பெரிலுக்குப் போன் போட்டார்.

பறிக்கும் கூலியாட்களை அடுத்த வாரத்துக்குத்தான் சொல்லி வைத்திருந்தது. அதனால் சனிக்கிழமை காலை பட்டாளமே பறிக்க வந்தது. அப்படி ஒரு அறுவடையைப் பள்ளத்தாக்கு அதற்கு முன் பார்த்ததில்லை. நர்ஸுகள் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கொத்தையும் குழந்தையை எடுப்பதுபோல் எடுத்தார்கள். தாடிக்கார மோட்டார் சைக்கிள் கிழவர்களுக்கு முதல் வரிசையிலேயே இடுப்புப் பிடித்துக்கொண்டது. பெரில் வரிசை முனையில் நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று பழைய தொழிலை மறக்காமல் கத்திக்கொண்டிருந்தார். வாளிகளில் திராட்சையைவிட இலை அதிகம் விழுந்தது.

"இலையப் பறிக்காதீங்க! ஒயின் பண்ணப் போறேன், கீரை கடையப் போறதில்ல!" என்று டெஸ் அலறினார்.

கிரேவி நிழலில் கம்பளத்தின் மேல் படுத்திருந்தது. ஆளுக்கு ஒரு வாளி நிரம்பினால் அதன் பக்கம் போய் ஒரு தடவை தடவிவிட்டு வந்தார்கள். டெஸ் வாளிகளை டிராக்டர் வண்டியிலிருந்த தொட்டியில் கொட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்னச் சின்னக் கொத்துகள், இன்னும் பத்தே நாள் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்த கொத்துகள், கண்முன்னே சரிந்து விழுந்தன. ஒரு கட்டத்தில் அவர் தொட்டிக்குள் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

கடைசித் தொட்டி நிரம்பியதும் மேலே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் கம்பளத்தை விரித்தார்கள். டெஸ் நாயைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தார். கனமே இல்லை. கோரல் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். டிராக்டர் மெதுவாக இறங்கியது. பட்டாளம் முன்னாலேயே ஓடிப்போய்ப் பாதையின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டது. முதல் ஆள் கைதட்டினார். அப்புறம் எல்லோரும். டிராக்டரை ஓட்டிய டெஸ் திரும்பிப் பார்க்கவில்லை, எதிரிலிருந்த கண்ணாடியில் பார்த்தார். கிரேவி தலையைத் தூக்கியது. முன்னங்கால்களைத் தேடித் தேடி ஊன்றிக்கொண்டு, கோரலின் கையை விலக்கிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தது. பாதையின் வளைவு முழுக்க அப்படியே உட்கார்ந்து வந்தது. பெரில் கைதட்டுவதை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தாடிக்காரர்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்கள். டெஸ்ஸுக்கு இது போதும் என்று இருந்தது. உண்மையாகவே போதும் என்று இருந்தது.

அன்று மாலை கிரேவி ஒரு இறைச்சிச் சாசேஜை முழுசாகத் தின்றது.

அடுத்த நாள் இரண்டு தின்றது. மூன்றாம் நாள் கார் சத்தம் கேட்டு எழுந்து கதவு வரை போயிற்று. ஒரு வாரம் கழித்து மேவ் வந்து தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"கட்டி அப்படியேதான் இருக்கு."

"ஒரு வாரம்னு சொன்ன."

"நான் சொன்னேன். அவன் கேக்கல. மாத்திரை நல்லா வேலை செய்யுது போல, எவ்ளோ நாள் செய்யும்னு தெரியாது. சந்தோஷப்படுங்க டெஸ்."

பட்டாளம் சந்தோஷப்பட்டது. கேக் கொண்டு வந்தார்கள், பாட்டுப் பாடினார்கள். கைதட்டல் கேட்டதால்தான் கிரேவிக்கு உயிர் வந்தது என்று இணையத்தில் எழுதினார்கள். கொட்டகையில் மேட்டுத் தோட்டத்தின் சாறு நுரைத்துக்கொண்டிருந்தது. டெஸ் தினமும் எடுத்து ருசி பார்த்தார். மெலிசு, பச்சை வாடை, புளிப்பு. எந்தப் பீப்பாயில் போட்டாலும் அது தேறாது. நல்ல வருஷம் ஒன்று வாழ்நாளில் எத்தனை முறை வரும்? அவருக்கு அறுபது ஆகப் போகிறது.

அவர் குணம் கெட்டுப் போயிற்று. கதவைச் சாத்தினால் அறைந்து சாத்தினார். கிரேவி வந்து காலடியில் படுத்தால் காலை நகர்த்திக்கொண்டார். காலையில் எழுந்ததும் அதன் விலா ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். ஏறி இறங்கும். அப்போது அவருக்குள்ளே எழுந்த எண்ணத்தை அவர் எண்ணம் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. கோரல்தான் அதை எடுத்து மேஜையின் மேல் வைத்தார்.

"நாய் சாகலன்னு கோவமா உனக்கு?"

"என்ன பேசற நீ?"

"கேட்டேன். பதில் சொல்லு."

டெஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். யார் கண்ணிலும் படாமல் வண்டியை எடுத்தார். கதவைச் சாத்தப் போகும்போது கிரேவி வந்து நின்றது. தூக்கி உள்ளே போட்டுக்கொண்டு மேட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

குருவிகளுக்காகப் போட்ட வலைகளை எடுத்தாகிவிட்டது, கொடிகள் வெறுமையாக நின்றன. இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. கிரேவி இறங்கியதும் மறுபேச்சில்லாமல் முதல் வரிசையில் போயிற்று. மெதுவாகத்தான், ஆனால் கோடி வரை போய் உட்கார்ந்துகொண்டு திரும்பிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் டெஸ்ஸும் நடந்தார். ருசி பார்க்க ஒன்றும் இல்லாத வரிசையில், பழக்க தோஷத்தில் கொடிகொடியாகப் பார்த்துக்கொண்டே.

ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. பறித்தவர்கள் அப்படிப்பட்டவர்கள். இலைக்குப் பின்னாலும் தண்டின் முதுகிலும் கண்ணில் படாமல் சில கொத்துகள் அங்கங்கே தங்கியிருந்தன. டெஸ் ஒன்றைக் கையில் எடுத்தார். தோல் இறுகிக் கறுத்திருந்தது. ஒரு திராட்சையை வாயில் போட்டார்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். இனிப்பு, அதன் பின்னால் மிளகு, அதற்கும் பின்னால் மழை விழுந்த மண். கொட்டை மொறுமொறுவென்று உடைந்தது. இன்றைக்குத்தான் அந்த நாள். இத்தனை வருஷத்தில் மேட்டுத் தோட்டம் இவ்வளவு நன்றாக ஒரு நாளும் இருந்ததில்லை. தான் எதைக் கொடுத்தோம் என்று இதுவரை அவருக்கு உத்தேசமாகத்தான் தெரியும். இப்போது நாக்குக்கே தெரிந்துவிட்டது.

கோடியில் நாய் உட்கார்ந்திருந்தது. இன்னும் வரவில்லையே என்று ஒரு தடவை மெல்லக் குரைத்தது.

டெஸ் அது வரை நடந்து போய், மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். நாய் அவர் தொடையில் தலையை வைத்தது. "நீ போயிருக்கணும்னு நெனச்சேன்டா" என்றார் சத்தமாக. "தெனமும் காலைல நெனச்சேன். கேட்டியா? நீ போயிட்டா நான் பண்ணினது சரின்னு ஆயிடும்னு." சொல்லிவிட்டு அழுதார். அவருக்கு அழுது பழக்கமில்லை, இருமல் வருவதுபோல் வந்தது. கிரேவிக்கு இதெல்லாம் ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. காதுக்குப் பின்னால் சொரியும் கையை நிறுத்தாமல் இருந்தால் சரி.

பெரில் மேலே ஏறி வரும் சத்தம் தூரத்திலிருந்தே கேட்டது. "கிரேவி எங்கன்னு கீழ எல்லாரும் தேடறாங்க டெஸ்! சொல்லாமக் கொள்ளாமத் தூக்கிட்டு வந்துட்டா என்ன அர்த்தம்?" பக்கத்தில் வந்து அவர் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "என்ன ஆச்சு? அவனுக்கு ஏதாவது..."

"அவனுக்கு ஒண்ணுமில்ல. உக்காரு."

பெரில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டெஸ் கையிலிருந்த கொத்தை நீட்டினார். பெரில் ஒரு திராட்சையைப் பிய்த்து, தேநீரோடு பிஸ்கட் தின்கிற மாதிரி அலட்சியமாக வாயில் போட்டார். மென்றார். மெல்லுவது மெதுவானது. கையிலிருந்த கொத்தைப் பார்த்தார். வெறுமையான வரிசைகளைப் பார்த்தார். ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாத அந்த அம்மாளுக்கு அதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"டெஸ்" என்றார். "இதையா நான் உன்னைப் பறிக்கச் சொன்னேன்?"

"இதைத்தான்."

பெரிலின் வாய் கோணியது. ஏதோ சொல்லப் பார்த்தார், திராட்சை வாயில் இருந்தது, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியாமல் அக்கம்பக்கம் பார்த்தார்.

டெஸ் தன் உள்ளங்கையை அவர் வாய்க்கடியில் நீட்டினார்.

"கையில துப்பு. கீழ போட்டுடாத, இவன் நக்கிடுவான். நாய்க்குத் திராட்சை விஷம், உயிருக்கே ஆபத்து."